முதுகுக்கு நட்டஈடு: கண்டிச் சீமையின் ஒரு பழைய கணக்கு

பத்திரிகைக்காரனுக்கு மனு எழுதத் தெரியும் என்று ஊர் நம்புகிறது. முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் என்ற வகையில் அந்த நம்பிக்கையின் பாரத்தை நானும் சுமந்து வருகிறேன். காணிப் பிணக்கு, பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, ஓய்வூதியத் தாமதம் என்று பலவும் வரும். எழுதிக் கொடுப்பேன், சிலவற்றுக்குப் பதிலும் வரும். ஆனால் ஒரு வகை மனு மட்டும் எத்தனை முறை எழுதினாலும் ஓரிடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பு வலியால் வேலை செய்ய முடியவில்லை, ஏதேனும் உதவிப் பணமோ நட்டஈடோ கிடைக்குமா என்று கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் வருவோரின் மனுதான் அது. முட்டும் இடமும் எப்போதும் ஒன்றே: "விபத்து நடந்த திகதி".

கால் முறிந்தவனுக்குத் திகதி இருக்கிறது. விரல் துண்டானவனுக்கு மணியும் நிமிடமும்கூட நினைவிருக்கும். முப்பது வருடம் கூடை சுமந்து தேய்ந்த முதுகுக்கு எந்தத் திகதியை எழுதுவது?

இக்கேள்வியைச் சட்டம் எப்போது, ஏன் கேட்கத் தொடங்கியது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இலங்கையில் வேலையில் காயமுற்றவருக்கு முதலாளி பணம் கொடுத்தாக வேண்டும் என்று முதன்முதலில் விதித்தது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 1935இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம். மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்து, வழக்கறிஞராகி, 1931இல் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவானவர். நமது அரசியல் வரலாற்றை எழுதுவோர் அவரை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமன்று.

அச்சட்டத்தின் பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. அதற்கு முன்னர் காயமுற்ற தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். லயத்துக் காம்பராவில் இருப்பவர் எந்த வழக்கறிஞரைப் பிடிப்பது? மீதி இருந்தது துரையின் கருணை மட்டுமே. புதிய சட்டம் யார் பிழை என்று கேட்கவில்லை. வேலையால், வேலை நேரத்தில் விபத்து நேர்ந்ததா என்று மட்டுமே கேட்டது. இது பெரிய மாற்றம்.

ஆயினும் அந்தச் சட்டத்தின் அச்சு இங்கே வார்க்கப்பட்டதன்று. பிரித்தானியா 1897இல் இயற்றியதும், அதைத் தழுவி இந்தியா 1923இல் இயற்றியதுமே அதன் மூலம். அவை நிலக்கரிச் சுரங்கத்தையும் நூல் ஆலையையும் புகையிரதப் பாதையையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே சட்டத்தோடு ஓர் அட்டவணை வந்தது: கை, கால், கண், விரல், ஒவ்வொன்றுக்கும் எதிரே இழந்த உழைப்புத் திறனின் சதவீதம். தொழில்சார் நோய்களுக்கென இன்னொரு அட்டவணை வந்தது. ஈயமும் பாதரசமும் பொஸ்பரசும் தரும் நஞ்சு, தோலோடும் ரோமத்தோடும் புழங்குவோரைப் பிடிக்கும் அந்திராக்ஸ் போன்றவை அதில் இருந்தன. கண்டி மலைகளில் ஈய நஞ்சால் மாண்டவர் எத்தனை பேர்? இந்தத் தீவின் ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்திய உறுப்பு எதுவோ, அதுதான் பட்டியலில் இல்லை.

இது மிகைக் கூற்றன்று. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் திறந்த காலந்தொட்டு, ஆளுநர் பாண்ஸ் கண்ணொறுவையில் தானே கோப்பி நட்ட காலந்தொட்டு, கண்டிச் சீமையின் பொருளாதாரம் மனித முதுகின்மீதே நடந்தது. காட்டை வெட்டியவர், கல் சுமந்து பாதை போட்டவர், கோப்பி மூட்டையை வண்டிப் பாதை வரை இறக்கியவர் எல்லோரும் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக நடந்தே வந்தவர்கள். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். புகையிரதம் வண்டிமாட்டின் சுமையைக் குறைத்தது. தேயிலையோ மனிதரின் சுமையை ஆண்டு முழுவதற்குமாக்கியது. கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்தால் பலர் ஊருக்குத் திரும்பலாம். தேயிலையில் கொழுந்து நிற்பதில்லை. ஆகவே கூடையும் முதுகைவிட்டு இறங்குவதில்லை.

கூடையின் கயிறு தலையில் மாட்டப்படுகிறது. உச்சந்தலையும் கழுத்தும் பாரத்தைத் தாங்க, இடுப்பு முன்னால் வளைந்து, இரு கைகளும் கொழுந்தைத் தேட, கால்கள் சரிவில் பிடிமானம் தேடுகின்றன. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறுவை மடுவம் வரை ஏறும். நிறுப்பவர் தண்ணீருக்கென்று ஒரு கழிவு போட்டுக்கொள்வார். முதுகு அப்படிக் கழிவு போட முடியாது.

நிற்க. முதுகுவலியும் நட்டஈடும் சேர்ந்த வழக்கு கண்டியில் பிறந்ததன்று. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாசினி, சுமை தூக்குவோருக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருந்தார். ஆனால் வழக்கு மன்றத்துக்கு முதுகை இழுத்து வந்தது புகையிரதம். இங்கிலாந்தில் புகையிரத விபத்துகளில் சிக்கியவர்கள், எலும்பு முறியாமலே மாதக்கணக்கில் முதுகுவலியால் அவதிப்படுவதாகக் கூறி நட்டஈடு கேட்டனர். 1866இல் எரிக்சன் என்ற லண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர், அது முள்ளந்தண்டு அதிர்ச்சியால் வரும் உண்மையான நோயே என்று எழுதினார். 1883இல் புகையிரதக் கம்பனியொன்றின் வைத்தியரான ஹேர்பர்ட் பேஜ் அதை மறுத்தார்; பயமும் நட்டஈட்டு ஆசையும் வலியை வளர்க்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். கம்பனியின் வைத்தியர் கம்பனிக்கு வசதியான முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த விவாதம் ஒரு சந்தேகத்தை நிரந்தரமாக விதைத்துவிட்டது: கண்ணுக்குத் தெரியாத வலியைச் சொல்பவன் பொய் சொல்கிறானோ?

இங்கே ஒரு விசித்திரமான பொருத்தத்தைக் குறிப்பிட வேண்டும். இலங்கையில் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறிய அதே 1934இல்தான், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு நிபுணர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கடும் வலி உண்டாகிறது என்பதை மருத்துவ இதழொன்றில் விளக்கினார்கள். முதுகுவலிக்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு காரணம் கிடைத்த வருடம் அது. பெரி சுந்தரத்தின் சட்டம் அதற்காகக் காத்திருக்க முடியாது. அதன்பின் வந்த திருத்தங்கள் பார்த்திருக்கலாம். அவை தொகையைத்தான் பார்த்தன. 2005இல் உச்ச நட்டஈடு 550,000 ரூபாவாயிற்று. 2022இல் 20 இலட்சம் ரூபாவாயிற்று. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் 2022இல் சேர்ந்தது. நல்லவைதான். ஆயினும் நாளாந்தச் சுமையால் தேயும் முதுகுக்கு வாசல் திறக்கவில்லை.

தோட்டத்தில் வலி எவ்வாறு கையாளப்பட்டது? 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்தது. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட மருந்தகங்களும் அதன் வழியிலும் பின்வந்த சட்டங்களின் வழியிலும் வளர்ந்தன. கொலராவும் அம்மையும் கொக்கிப்புழுவும் அவற்றின் கவலை. அது சரியே, அவை கொல்லும் நோய்கள். முதுகுவலி கொல்லாது. மருந்தகத்தில் ஒரு தைலமும் இரண்டு மாத்திரையும், மிஞ்சினால் ஒரு துண்டும் கிடைக்கும். துண்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் நெடிய வரலாறு உண்டு. கங்காணியின் கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்பதாக எழுதிக் கொடுத்த தாளுக்கும் அதுவே பெயர். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. சொல் மட்டும் ஆஸ்பத்திரித் துண்டாகப் பிழைத்துக்கொண்டது. மனிதரின் உழைப்பைத் தாளில் எழுதித் தீர்மானிக்கும் பழக்கமும் கூடவே பிழைத்தது என்பேன்.

சில வருடங்களுக்கு முன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். வயது நாற்பத்தேழு. பதினாறு வயதில் கூடை மாட்டியவர். அவர் கையிலிருந்த துண்டில் 'இலேசான வேலை கொடுக்கவும்' என்று எழுதியிருந்தது.

"மலையில இலேசான வேலை எதுங்க ஐயா?" என்று கேட்டார்.

கொழுந்து எடுக்க முடியாதவரைப் புல்லு வெட்ட அனுப்புவார்கள். அதற்கு இன்னும் குனிய வேண்டும். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும். பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாள் வேலை. முழு நாள் கணக்கில் ஏறினால் ஒரு பேர், இல்லையேல் அரைப் பேர். ஆளின் பெயரும் நாளின் கூலியும் ஒரே சொல்லாகிப்போன மொழி அது. அந்த அம்மா மாதத்தில் பாதி நாள் அரைப் பேரோடு திரும்பிக்கொண்டிருந்தார். படிவத்தை என்னிடம் நீட்டி, "எந்தத் தேதிங்க போடுறது? தெனமுந்தான் வலிக்குது" என்றார். அதைவிடத் தெளிவாக இந்தச் சட்டச் சிக்கலை எந்தச் சட்டத்தரணியும் எனக்கு விளக்கியதில்லை.

அவருக்கு இருந்த அடுத்த வழி, ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அதில் சேர்கின்றன. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதானால் எடுக்கலாம். அதற்கு முன்னரும் எடுக்கலாம், நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலைக்கு இயலாதவர் என்று வைத்தியர் சான்றளித்தால். இங்கே சிக்கல் 'முழுமையாக' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த அம்மா நடந்து வந்தார். உட்கார்ந்தார், சிரமத்தோடு எழுந்தார். ஒரு நேர்மையான வைத்தியர் அவரை முழுமையாக இயலாதவர் என்று எழுதுவாரா? எழுதமாட்டார், எழுதாததைக் குற்றமாகவும் சொல்ல முடியாது. எழுதியிருந்தாலும் கிடைப்பது உதவியன்று. அவருடைய சொந்தச் சேமிப்பு. முதுமைக்கென்று வைத்ததை மூன்று வருடம் முன்கூட்டியே தின்று தீர்க்க அனுமதி, அவ்வளவே.

ஆக, ஒரு சட்டம் விபத்தைக் கேட்கிறது. இன்னொன்று முழுமையைக் கேட்கிறது. மூன்றாவது வழி சமூக சேவையுடையது. அதன் வரலாற்றில் கண்டி நகருக்குத் தனி இடம் உண்டு.

1939இல் இலங்கை ஒரு வறியோர் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அது நாடு முழுவதற்கும் அமுலாகவில்லை. கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளின் எல்லைக்குள் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. அதாவது கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கிய நாட்டாமி ஒருவர் இடுப்பொடிந்து விழுந்தால், மாநகர சபையிடம் உதவி கேட்க அவருக்கு ஒரு சட்ட வழி இருந்தது. நகர எல்லைக்கு அப்பாலுள்ள மலையில் அதே இடுப்பொடிந்த தோட்டத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. அவர் தோட்டத்தின் பொறுப்பு. நகரின் சட்டம் நகரோடு நின்றது. தோட்டத்தை உள்ளாட்சிக்கு வெளியே வைக்கும் இந்தப் பழக்கம் சீக்கிரம் போகவில்லை. பிரதேச சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாயிருந்த ஏற்பாடு 2018இல்தான் திருத்தப்பட்டது.

சமூக சேவைகள் பற்றி ஆராய ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1947இல் அறிக்கை தந்தது. பின்னாளில் பேராதனையில் பல்கலைக்கழகத்தைக் குடியேற்றிய அதே ஜெனிங்ஸ்தான். அவ்வறிக்கையின் வழியில் 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் உருவாயிற்று. அதே 1948இல் குடியுரிமைச் சட்டமும் வந்தது. ஒரு கையால் நலன்புரி அரசையும் மறு கையால் நாடற்றவர்களையும் உருவாக்கிய ஆண்டு என்று அதைச் சொல்லலாம். 1995இல் தொடங்கிய சமுர்த்தியும் தோட்டத்தின் பெரும் பகுதியை நீண்ட காலம் எட்டவில்லை. மாதச் சம்பளம் வருகிறதே என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அரைப் பேர்களால் ஆன மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார் இல்லை.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடையோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வரைவிலக்கணம் தாராளமானது. வாழ்க்கைத் தேவைகளைத் தானே நிறைவேற்ற முழுமையாகவோ பகுதியாகவோ இயலாதவர் அதில் அடங்குவர். பகுதியாக! மனு எழுதுபவனுக்கு அது தேன் போன்ற சொல். ஆனால் அந்தச் சட்டம் எவருக்கும் மாதப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. மாதக் கொடுப்பனவு வேறு திட்டத்தில், வறுமையின் அளவோடு சேர்த்து வருகிறது. அஸ்வெசும வந்த பின்னர், 2024இல் அது 7,500 ரூபாவாக இருந்தது. கிராம உத்தியோகத்தரின் முன்னால் ஊன்றுகோலோடு வருபவருக்கு விளக்கம் தேவையில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு வருபவரோ ஒவ்வொரு மேசையிலும் தன் வலியை நிரூபித்தாக வேண்டும்.

நிரூபிப்பது கடினம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 36 வீதமானோருக்கு மட்டுமே எல்லா வட்டுகளும் சீராக இருந்தன. படத்தில் பழுது இருந்தும் வலி இல்லாதவர் உண்டு. படம் சீராக இருந்தும் எழுந்து நிற்க முடியாதவர் உண்டு. 2020இல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக மதிப்பிடப்பட்டது. மனிதரை நீண்ட காலம் முடக்கி வைக்கும் காரணங்களில் அதுவே முதலாவது. இத்தனை பேரில் யாருடைய வலி வேலையால் வந்தது, யாருடையது வயதால் வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நட்டஈட்டு ஆணையாளரின் தயக்கம் முற்றிலும் கல்நெஞ்சம் அன்று.

ஆனால் தயக்கத்தோடு நின்றுவிடாத நாடுகளும் உண்டு. ஜேர்மனி 1993 முதல், நீண்ட காலம் பாரம் தூக்கியதாலோ மிகக் குனிந்து வேலை செய்ததாலோ வரும் இடுப்பு வட்டு நோயைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பிரான்ஸ் 1999இல், கையால் பாரம் தூக்குவதால் வரும் நாட்பட்ட இடுப்பு நோய்க்குத் தனி அட்டவணை வகுத்தது. ஐந்து வருட வேலைக் காலத்தை அது நிபந்தனையாகக் கேட்கிறது. கவனியுங்கள்: இரண்டும் வலியை அளக்க முயலவில்லை, விபத்தின் திகதியையும் கேட்கவில்லை. நோயைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடம், எத்தகைய பாரம் என்று கேட்கின்றன. எல்லா விண்ணப்பங்களும் அங்கே வென்றுவிடுவதில்லை. ஆயினும் விண்ணப்பத்தில் நிரப்புவதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

அந்தக் கேள்வியை இங்கே கேட்டால் பதில் சொல்லத் தோட்டங்களைவிடத் தகுதியான தொழிலிடம் நாட்டில் வேறில்லை. கட்டுமானத் தொழிலாளி எத்தனை சீமெந்து மூட்டை தூக்கினார் என்று எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. கொழுந்து எடுப்பவருக்கோ ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நிறுவையும் எழுதப்படுகிறது. றாத்தல் கணக்கு கிலோக் கணக்காயிற்று. 1970களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் வந்தது. எழுதும் வழக்கம் மட்டும் அறுபடவில்லை. அண்மைய தசாப்தங்களில் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோ வரை கேட்கப்பட்டது. 18 கிலோ என்றே வைத்துக்கொண்டு, வருடத்துக்கு 250 நாட்களாக முப்பது வருடத்துக்குப் பெருக்கினால் 135,000 கிலோ, 135 தொன். கூலி கொடுப்பதற்காகவும், பேரை அரைப் பேராக்குவதற்காகவும் கணக்கப்பிள்ளைமார் செக்ரோலில் நாள்தோறும் பதிந்த எண்கள் அவை. அவற்றைக் கூட்டிப் பார்க்கும்படி நட்டஈட்டுச் சட்டம் இதுவரை எவரையும் கேட்கவில்லை.